நாலு சக்கர நாத்தனார்

வாழ்க்கைப்பட்டுப் போகும் வீட்டில் இரண்டே பையன்கள், பெண் கிடையாது, பிக்கல் பிடுங்கல் இருக்காது என்று சொல்லித்தான் அவளை அனுப்பி வைத்தார்கள். வந்த மறுநாளே மருமகளுக்கு உண்மை தெரிந்துவிட்டது. நாத்தனார் உண்டு. வாசலில் நிழல் பார்த்து நிற்கிறாள். நாலு சக்கரம், பச்சை நிறம், டீசல் குடிப்பாள்.

அது மாமியாரின் வேன். மாமியாருக்குத் தொழில், செடித்தொட்டிகளை வாடகைக்கு விடுவது. அலுவலகம், ஓட்டல், பல் டாக்டரின் வரவேற்பறை என்று ஒவ்வோர் இடமாகப் போய், வாடின செடியை எடுத்துக்கொண்டு செழித்த செடியை வைத்துவிட்டு வருவார். செடிப் பண்ணையும் வீடும் மேட்டின் உச்சியில். இளைய மகனும் மருமகளும் சேர்ந்து நடத்தும் வண்டி ரிப்பேர் பட்டறை மேட்டின் அடியில். நடுவில் செங்குத்தான ஒரு சாலை. தொட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் வேனை விரட்டுவதில் மாமியாருக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததாகத் தெரியவில்லை. வேனை "என் பொண்ணு" என்றுதான் சொல்வார். அதன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். சொந்த மகன்களைக்கூட ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை.

"உங்க பொண்ணுக்குக் கொடுக்கற செல்லத்துல பாதி எனக்குக் கொடுத்திருந்தா நானும் இப்படித்தான் பளபளன்னு இருப்பேன் அத்தை" என்று மருமகள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மாமியார் வேன் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தாமல், நீயும் இத்தனை பாரம் இழுத்துக் காட்டு, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட செல்லப் பெண் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான், இன்ஜின் மூச்சுப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் நகரும், ஆனால் ஓடாது. பாதி மேட்டில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வந்ததும் நின்றேபோகும். மாமியார் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பட்டறைக்குப் போன் போடுவார்.

மருமகள், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துக் காரணத்தைச் சொன்னாள். புகைக்குழாயின் சூட்டைப் பார்த்துச் சொல்வதற்கு அந்த வேனில் மூன்று சென்சார்கள். இன்ஜினிலிருந்து சைலன்சர் வரைக்கும் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றாம் நம்பர் பொய் சொல்கிறது. குழாய் கொதிக்கிறது, கொதிக்கிறது என்று அது இல்லாத சூட்டைச் சொல்ல, வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பயந்து இன்ஜினின் கையைக் கட்டிப்போடுகிறது. சென்சாரை மாற்றினால் தீர்ந்தது.

அவள் கணவன் மாற்றினான். ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் மஞ்சள் விளக்கு. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்று திட்டிக்கொண்டே வேறு கடையில் இன்னொன்று வாங்கி அதையும் மாட்டினான். மூன்றே நாளில் அதே தண்ணீர்த் தொட்டி, அதே கல், அதே போன். ஸ்கேனரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றாம் நம்பர் என்றே சொன்னது.

இங்கே அந்தப் பட்டறையின் அரசியலைச் சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் அவள் அவனுடைய ஸ்பேனரை எடுக்கப்போய், அவன் அவளுடைய மல்டிமீட்டரைக் கீழே போட்டு உடைக்கப்போய், இரண்டு பேர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கே எல்லை வகுத்துக்கொண்டார்கள். வண்டிக்கு அடியில் அவன் ராஜ்யம்; வயரும் கம்ப்யூட்டரும் அவள் ராஜ்யம். அவள் சொல்வதை அவன் மாற்றுவான். அவன் மாற்றியதை அவள் எட்டிப் பார்க்கமாட்டாள். அந்த ஒப்பந்தத்தால்தான் குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது. அந்த ஒப்பந்தத்தால்தான் வேன் ஓடாமல் நின்றது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வேன் இரண்டாம் முறை படுத்ததும் மூத்த மகனுக்கு வாய் வந்துவிட்டது. அவன் ஊரின் அந்தக் கோடியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், அம்மாமீது பாசம் உள்ளவன். பாசத்தைக் கட்டளையாக மட்டுமே காட்டத் தெரிந்தவன். இந்த வயதில் நடுரோட்டில் கல் தூக்கிக்கொண்டு நிற்பது என்ன தலையெழுத்தா என்று கேட்டான். வண்டியை விற்றுவிடு, செடியைக் கொண்டுபோக ஆள் வைத்துக்கொள்ளலாம், நீ பேசாமல் வீட்டில் உட்கார் என்றான். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் வார்த்தை தடித்தது. மாமியாருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு மிகவும் இறங்கிய குரலில் சொன்னார்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள என் பொண்ணு பாரத்தோட மேட்டை ஏறலேன்னா, நானே சாவியைக் கழட்டிக் கொடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொட்டா என்னன்னு கேளு."

மாமியார் வாயிலிருந்து வந்த வார்த்தை திரும்பிப் போன சரித்திரம் கிடையாது. அது தெரிந்துதான் மூத்த மகன் மறுநாளே வண்டித் தரகரைப் பிடித்துவிட்டான்.

மருமகளுக்கு முதலில் தோன்றியது பயம்தான். மாமியார் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் அடுப்படியில் யார் ராஜ்யம், கூடத்தில் யார் ராஜ்யம் என்று புதிய எல்லைகள் வகுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த வாரம் வேறொன்றையும் பார்த்தாள். வேன் நின்றுபோன நாளிலிருந்து மாமியார் சாயங்காலம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துச் சாவியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே அன்று குழம்பில் உப்பில்லை. இந்த மனுஷியைத் திட்டிக்கொண்டே பார்ப்பது பரவாயில்லை, இப்படிப் பார்க்க முடியாது என்று மருமகள் நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் மாமியார் நடந்தே பட்டறைக்கு வந்தார். முந்தின நாள் சாயங்காலமே வேனைக் கட்டி இழுத்து வந்து அங்கே நிறுத்தியிருந்தார்கள். பட்டறைச் சுவரில் வாடிக்கையாளர்களின் சாவிகளை மாட்டுவதற்கு ஆணி அடித்த பலகை ஒன்று உண்டு. மாமியார் கழுத்துக் கயிற்றைத் தலைவழியாக எடுத்து அதில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு பழைய டயர்மேல் போய் உட்கார்ந்தார்.

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு சென்சார் மாற்றியாகிவிட்டது, இனிமேல் கம்ப்யூட்டர்தான் போயிருக்க வேண்டும், அதை வாங்கிப் போடுவதற்கு வேறு வேனே வாங்கிவிடலாம் என்றான். மருமகள் வேறொன்றை யோசித்தாள். ராத்திரி முழுக்க இன்ஜின் ஓடாமல் ஆறிக்கிடந்து இந்த வண்டி இதுவரை அவள் கைக்கு வந்ததே இல்லை. எப்போதும் மேட்டில் கிடந்து கொதித்துப்போய்த்தான் வந்திருக்கிறது. ஆறின குழாயில் மூன்று சென்சாரும் ஒரே சூட்டைத்தானே சொல்ல வேண்டும்?

இன்ஜினை ஓடவிடாமல், ரிப்பேர் வேலைக்கென்று பட்டறையில் வைத்திருக்கும் மாற்றுச் சாவியை மட்டும் திருப்பிவிட்டு ஸ்கேனரைப் பார்த்தாள். இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் காலை நேரத்துக் குளுமையைச் சொல்லின. ஒன்றாம் நம்பர் இரும்பு பழுக்கிற சூட்டைச் சொன்னது. குழாயைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. முன்பெல்லாம் வந்து வந்து போன பொய் இப்போது நிரந்தரமாகிவிட்டது. ஒருவகையில் நல்லதுதான். திருடன் ஓடாமல் நின்றால் பிடிப்பது சுலபம்.

பொய் சொல்வது சென்சாரா, அதிலிருந்து போகும் வயரா, அல்லது கம்ப்யூட்டரேவா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் திரையில் அந்த இடம் காலியாக வேண்டும். காலியானால் வயரும் கம்ப்யூட்டரும் சரி, சென்சார்தான் தப்பு. பிடுங்கின பிறகும் அதே சூட்டைச் சொன்னால் வயரோ கம்ப்யூட்டரோ போய்விட்டது, மத்தியானத்துக்குள் தீராது என்று அர்த்தம். அப்படியென்றால் ஆணியில் தொங்கும் சாவியும் போய்விட்டது.

கணவன் வழக்கம்போல் ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, பின்பக்கம் வழியாக வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

"ஒண்ணாம் நம்பரைப் பிடுங்குங்க."

"பிடுங்கிட்டேன்."

ஒன்றாம் நம்பர் அப்படியே இருந்தது. அதே இரும்பு பழுக்கிற சூடு. ஒரு புள்ளிகூட அசையவில்லை. மாமியார் டயரிலிருந்து மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தாள். அதனால்தான் பார்த்தாள். மூன்றாம் நம்பர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கோடு.

"திரும்ப மாட்டுங்க" என்றாள். மூன்றாம் நம்பர் வந்தது. "மறுபடி பிடுங்குங்க." மூன்றாம் நம்பர் போனது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "உங்க கையில இருக்கறது எத்தனாம் நம்பர்?"

"இதென்ன கேள்வி? ஒண்ணு. நான் உள்ள வந்ததும் முதல்ல வர்றது இதுதானே."

மருமகள் ஸ்கேனரை மடியில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் கட்டிக்கொண்ட மனுஷன் எதையும் கடைசியிலிருந்து தொடங்குகிறவன். பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பான். சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலே போடுவான். சினிமாவுக்குப் போனால் முடிவு என்ன என்று வெளியே வருகிறவனிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போவான். அவளிடம் முதல்முதலாகப் பேசியபோதே, எப்போது கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் பெயரைக் கேட்டான். இது போதாதென்று வேனின் முன்பக்கம் தாழ்வு, அவன் தொந்தி உயர்வு. வண்டிக்கு அடியில் அவன் என்றைக்குமே பின்பக்கமாகத்தான் நுழைவான். அவனுடைய ஒன்றாம் நம்பர் சைலன்சருக்குப் பக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டரின் ஒன்றாம் நம்பர் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அத்தை," என்று திரும்பினாள், "உங்க பையன் ஒரு பாவமும் அறியாத சென்சாரை ரெண்டு தடவை தூக்கில போட்டிருக்காரு. குற்றவாளி இன்னும் உள்ளேயே உக்காந்திருக்கான்."

மாமியார் எழுந்து நின்றார். கணவன் அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. இத்தனை நாளும் கடைக்காரர்களைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்தபடியே, நீ சொல்லும்போதே எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லியிருக்கலாம் என்று முனகினான். அவளும் விட்டுக்கொடுத்தாள். எட்டிப் பார்க்காமல் இருந்தது தன் தப்புதான் என்று சொல்லிவிட்டு, கல்யாணமாகி வந்தபின் முதல்முறையாக எல்லையைத் தாண்டினாள். ஸ்கேனரை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, வேனின் முன்பக்கம் வழியாக உள்ளே நகர்ந்தாள்.

அங்கே இருந்தது அந்த ஆசாமி. இன்ஜினிலிருந்து குழாய் இறங்கும் இடத்தில், சூடு தாங்க வைத்த தகட்டுக்குப் பின்னால், வேன் பிறந்த நாளிலிருந்து யார் கையும் படாமல் துருவேறி உட்கார்ந்திருந்தது. அதன் வயர் வெந்து, மேலுறை பொரிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. கனெக்டரைப் பிடுங்கினாள். மேலே ஸ்கேனரைப் பிடித்திருந்த மாமியார், "ஒண்ணு போச்சு, ஒண்ணு போச்சு" என்று கத்தினார். மாமியார் கத்தி மருமகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கண்டுபிடித்தது பாதிக் கிணறு. துருப்பிடித்த சென்சாரைக் கழற்றும்போது குழாய்க்குள்ளேயே முறிந்தால், குழாயை மொத்தமாக இறக்க வேண்டியிருக்கும், மத்தியானம் தாண்டிவிடும். இங்கேதான் கணவன் தன் அசட்டு முகத்தைத் துடைத்துப்போட்டுவிட்டுத் தொழில்காரனானான். துரு இளக்கும் எண்ணெயை விட்டான். இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு மரையைச் சூடாக்கினான். மறுபடி எண்ணெய். பானட்டைத் திறந்து மேலிருந்து நீண்ட ஸ்பேனரை இறக்கினான். மேலிருந்து அவனுக்குக் கண்ணுக்குத் தெரியாது. கீழே டார்ச்சோடு படுத்திருந்த அவள்தான் ஸ்பேனரின் வாயைப் பிடித்து சென்சாரின் தலையில் பொருத்தினாள்.

"உக்காந்துடுச்சா?"

"உக்காந்துடுச்சு. மெதுவா."

அவன் திருப்பவில்லை, கையை வைத்து அழுத்தம் மட்டும் கொடுத்துக் காத்திருந்தான். மற்றவர்கள் அவசரப்பட்டு முறிக்கிற இடம் அது. கதவுக் கீல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. துருத்தூள் அவள் நெற்றியில் கொட்டியது. அப்புறம் ஸ்பேனர் வெண்ணெயில் இறங்கினாற்போல் சுற்ற ஆரம்பித்தது.

மாட்டுவதற்குப் புது சென்சார் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கணவன் எதையும் தூக்கிப்போடாதவன். பழைய தகர டப்பாவில், பழுது என்று அவன் தள்ளிவைத்த இரண்டும் சமர்த்தாகக் கிடந்தன. அந்த வேனின் மூன்று சென்சாரும் ஒரே அச்சு. அவள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாள். இரண்டுமே குண்டுக்கல் மாதிரி இருந்தன. ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டரின் பழைய புகாரை அழித்து, இன்ஜினைப் போட்டார்கள். மஞ்சள் விளக்கு அணைந்தது. திரையில் மூன்றும் ஒழுங்காக நின்றன. இன்ஜின் பக்கம் சூடு அதிகம், நடுவில் சற்றுக் குறைவு, கடைசியில் இன்னும் குறைவு. இருக்க வேண்டியபடி.

மாமியார் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார். கழுத்தில் போடவில்லை.

"தொட்டியெல்லாம் ஏத்துங்க. காலி வண்டி ஏறினா அது ஏத்தமா?"

இருக்கிற தொட்டியையெல்லாம் ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. மூத்த மகனும் தரகரும் இறங்கினார்கள். தரகர் வேனைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார். மாமியார் அந்தக் காலைப் பார்த்த பார்வையில் அவர் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கொஞ்சம் இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் ஏறி உட்கார்ந்தார். மருமகள் ஸ்கேனரோடு பக்கத்துச் சீட்டில் ஏறினாள். அந்தச் சீட்டில் அவள் உட்காருவது அதுதான் முதல் முறை; இதுவரை அங்கே தொட்டிகள்தான் உட்கார்ந்து வந்திருக்கின்றன.

மேடு தொடங்கியது. மாமியார் கியரை மாற்றினார். வேன் உறுமியது. பின்னால் தொட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மாமியாரின் கால் தானாகவே மிதியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. எத்தனை தடவை அங்கே அவமானப்பட்டு இறங்கியிருக்கிறார், பாவம்.

"அழுத்துங்க அத்தை" என்றாள் மருமகள். "சூடு சரியாத்தான் ஏறுது. நான் பாத்துக்கறேன், நீங்க அழுத்துங்க."

மாமியார் அழுத்தினார். வேன் ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் தம் பிடித்துக்கொண்டு கிளம்பியது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. சக்கரத்துக்கு வைக்கும் அந்தக் கல்லும் ஓரத்தில் கிடந்தபடி பின்னால் போனது. மாமியார் ஜன்னல்வழியாக அதைப் பார்த்துச் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, சின்னப் பெண் மாதிரி சிரித்தார். மருமகளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உச்சிவரை இரண்டு பேரும் காரணம் சொல்லிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே போனார்கள். இதைவிட சந்தோஷமான ஒரு காலை அந்தக் குடும்பத்தில் அவளுக்கு விடிந்ததில்லை.

உச்சியில் வண்டியைத் திருப்பும்போது மாமியார், "அந்தப் பழசு எங்க?" என்று கேட்டார். மருமகள் பையிலிருந்து வெந்துபோன சென்சாரை எடுத்துக் கொடுத்தாள்.

இறங்கி வந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது மூத்த மகன் ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினான். மேட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். ஆனாலும் நினைத்து வந்ததை முடித்துவிட்டுப் போகிற பழக்கம் அவனுக்கு.

"சாவிம்மா" என்றான்.

மாமியார் நீட்டின கையில் அந்தக் கருகின சென்சாரை வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"இந்தா. இந்த வண்டியில விக்க வேண்டியது இது ஒண்ணுதான். தரகர் என்ன கொடுக்கறாரோ வாங்கிக்க."

தரகர் சிரித்துவிட்டார். மூத்த மகன் கையிலிருந்ததைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். தம்பி வானத்தைப் பார்த்தான். வண்டியைச் சரி பண்ணியது தம்பியா என்று மூத்தவன் கேட்டான்.

"கழட்டினது உன் தம்பி. கண்டுபிடிச்சது என் பொண்ணு" என்றார் மாமியார்.

மருமகள் இறங்குவதற்காகக் கதவைத் திறந்திருந்தாள். மாமியார் வேனைத்தான் சொல்கிறார் என்று அவள் ஒரு வினாடி நினைத்துக்கொண்டாள். மாமியார் எட்டி அந்தக் கதவைச் சாத்தினார்.

"நீ எங்க இறங்கற? பல் டாக்டர் கிளினிக்ல செடி வாடிக் கிடக்கு. உக்காரு."

கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கியரை மாற்றினார். வேன் தெருவில் இறங்கியது.